பன்னிரண்டு சரியான விடைகளும் ஒரு முட்டையும்

என் சிவப்புப் பேனா ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே பறந்துபோய் மோரியில் விழுந்தது. எறிந்தவள் என் அக்கா சுமதி.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூர் ஆடுகோடியில் எங்கள் வீட்டுக்கு இருப்பது ஒரே ஜன்னல். அதுவும் சாக்கடைக் கால்வாயைப் பார்த்தபடி இருக்கும். அந்தக் கால்வாயைத்தான் எங்கள் பக்கம் மோரி என்போம். பேனா விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கிற சத்தம்தான் கேட்டது.

அக்கா பன்னிரண்டு கணக்குகளுக்கு விடை எழுதிக் கொண்டுவந்திருந்தாள். பன்னிரண்டும் சரி. நான் பக்கத்தின் மேலே பெரிதாக ஒரு முட்டை போட்டேன்.

"இன்னாடி இது?"

"ஸ்டெப் எங்க? வெறும் விடைக்கு மார்க் கிடையாது."

"விடை சரியா, தப்பா?"

"சரிதான். ஆனா..."

"சரின்னா முட்டை எதுக்கு?"

அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது. "புஸ்தகத்துக்குக் கடைசில எல்லா விடையும் இருக்கு. அதைப் பார்த்து எழுதினா யாருக்குத்தான் சரியா வராது?"

அதற்குப் பிறகுதான் பேனா பறந்தது.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை. "எறிஞ்சா எறியட்டும். அவ வாங்கிக் குடுத்த பேனாதானே" என்றாள்.

அது நான் வாங்கிய பேனா. அக்காவின் நோட்டைத் திருத்துவதற்கென்றே, வைட்ஃபீல்டில் என் ஆபீசுக்குக் கீழே இருக்கிற கடையில் தேர்ந்தெடுத்து வாங்கியது. ஆனால் அதைச் சொல்வதற்கு அது நேரமில்லை.

அக்கா நோட்டை மடித்துப் பைக்குள் போட்டாள். "போதும் டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். மீன் குழம்பைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அக்கா மீன் குழம்பை விட்டுப் போனாள் என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

அக்காவின் கையெழுத்து

இந்தத் தொடரில் இதுவரை என்னைப் பற்றித்தான் எழுதிவந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். காலேஜ் வாசலை மிதித்ததும் நான்தான் முதலில். இதை எழுதும்போது என் முதுகு தானாக நிமிர்கிறது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

அக்காவைப் பற்றி அதிகம் எழுதாததற்குக் காரணம், அவள் அனுமதி தராததுதான். போன மாதம் தந்தாள். "எழுதிக்கோ. ஆனா பேனா எறிஞ்சதையும் எழுதணும். இல்லன்னா என்னை ரொம்ப நல்லவளாக்கிடுவே."

அக்கா என்னைவிட ஏழு வயது பெரியவள். அவள் ஏழாவது முடித்த வருஷம் நான் ஒன்றாவது சேர்ந்தேன். அம்மா கோரமங்களாவில் மூன்று வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தாள். விடிவதற்குள் கிளம்பினால்தான் முதல் வீட்டுப் பாத்திரம் முடியும். அப்பா அதற்கு முன்பே எங்களை விட்டுப் போயிருந்தார். அது வேறு கதை. என்னைக் குளிப்பாட்டி, தலை பின்னி, பள்ளிக்கூடத்தில் விட்டு, மத்தியானம் கூட்டிவர வீட்டில் ஒரு ஆள் வேண்டும். அக்காவின் உயர்நிலைப்பள்ளி ரொம்ப தூரம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது.

யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அந்த ஜூன் மாதம் எனக்குச் சீருடை தைத்தார்கள். அக்காவுக்குத் தைக்கவில்லை. அவ்வளவுதான்.

எங்கள் கன்னடப் பள்ளியில் ரிப்போர்ட் கார்டு கொடுத்தால் பெற்றோர் கையெழுத்து வாங்கிவர வேண்டும். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வராது. கைநாட்டு வைத்த கார்டை வகுப்பில் நீட்ட எனக்கு வெட்கம். பதின்மூன்று வயது அக்கா எனக்காக ஒரு கையெழுத்தைக் கண்டுபிடித்தாள். கன்னட எழுத்தில் 'சு' போட்டு, அதன் வாலை நீளமாக இழுத்து, கடைசியில் இரண்டு புள்ளி வைப்பாள். ஏதோ தாசில்தார் கையெழுத்து மாதிரி இருக்கும். ஒன்றாவதிலிருந்து பத்தாவது வரை என் எல்லாக் கார்டிலும் அந்த வால்தான் இருக்கிறது.

நாலாவதில் ஒருமுறை கணக்கில் பன்னிரண்டு மார்க் வாங்கினேன். டீச்சர் சிவப்பு மையில் இரண்டு கோடு அடித்திருந்தார். அக்கா கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தச் சிவப்புக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டவில்லை. "இன்னா ஆச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

ஜுரத்தோடு எழுதினேன் என்றேன். "அதை ஏன் யாரும் கேக்கல?" என்றாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

நடுவில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் தமிழ் படிக்கக் கற்றது பள்ளிக்கூடத்தில் இல்லை. அம்மா வேலை செய்த ஒரு வீட்டில் பழைய வாரப் பத்திரிகைகளைக் கட்டாகத் தருவார்கள். அலமாரித் தட்டில் விரிப்பதற்காக அம்மா வாங்கிவருவாள். பருப்பு டப்பாவை நகர்த்திவிட்டுத்தான் நான் தொடர்கதை படித்திருக்கிறேன். எண்ணெய்க் கறை பட்ட இடத்தில் கதை நின்றுபோகும். மீதியை நானே இட்டுக்கட்டிக்கொள்வேன். இன்று இந்தப் பக்கமும் யார் வீட்டுப் பருப்பு டப்பாவுக்கு அடியில் இருக்கப்போகிறதோ, தெரியாது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

பத்தாவது எதற்கு

பதினெட்டு வயதில் அக்கா கார்மென்ட்ஸ் வேலைக்குப் போனாள். ஹோசூர் ரோடு பக்கம் ஒரு பெரிய ஃபேக்டரி. காலர் தைப்பதில் ஆரம்பித்து, மணிக்கட்டுப் பட்டியான கஃப், ஸ்லீவ் என்று எந்த மெஷினில் உட்காரவைத்தாலும் தைப்பாள். யாராவது லீவு போட்டால் அந்த இடத்தை அவள்தான் அடைப்பாள்.

ஒரு லைன் என்றால் முப்பது, முப்பத்தைந்து மெஷின்கள் வரிசையாக இருக்கும். ஒருத்தி காலர் வைத்ததும் சட்டை அடுத்தவளுக்குப் போகும். அவள் கை வைப்பாள், அடுத்தவள் ஓரம் அடிப்பாள். ஒருத்தி பின்தங்கினால் அவளுக்கு முன்னால் துணி மலையாகும். அவளுக்குப் பின்னால் இருப்பவர்கள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். யாரை எங்கே உட்காரவைத்தால் மலை ஏறாது என்பது அக்காவுக்குப் பார்த்ததுமே தெரியும்.

ஆனால் சூப்பர்வைசர் ஆக வேண்டுமென்றால் பத்தாவது பாஸ் வேண்டும். அது ஃபேக்டரி விதி.

மூன்று சூப்பர்வைசர்கள் புதிதாக வந்தார்கள். மூன்று பேருக்கும் லைனைச் சொல்லிக் கொடுத்தது அக்கா. சொல்லிக் கொடுத்த மறுமாதமே அவர்கள் அவளை அதட்டுவார்கள். மூன்றாவதாக வந்தவன் ஹரீஷ். அவன் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தான். பாத்ரூமுக்கு யார் எத்தனை மணிக்குப் போனார்கள், எப்போது திரும்பினார்கள் என்று அதில் எழுதுவான். ஐந்து நிமிஷம் தாண்டினால் லைன் முழுக்கக் கேட்கும்படி பேரைச் சொல்லிக் கத்துவான். மஞ்சுளா என்று ஒரு பெண். அவள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். ஒருநாள் மெஷின் மேலேயே மயங்கி விழுந்தாள்.

அன்று சாயந்திரம் அக்கா நேராக எச்.ஆர். மேடத்திடம் போனாள். "அந்த எடத்துக்கு நான் வந்தா மஞ்சுளா தண்ணி குடிப்பா" என்றாள்.

மேடம் சிரிக்கவில்லை. "பத்தாவது சர்டிபிகேட் கொண்டுவாங்க சுமதி. அடுத்த தடவை லைன் காலியானா உங்க பேரை நானே எழுதறேன்."

அக்கா அங்கிருந்து எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏய், எனக்குக் கணக்கு சொல்லிக் குடு."

அப்போது எனக்கு வந்த பெருமையை எப்படிச் சொல்வது? மறுநாளே போய்ச் சிவப்புப் பேனா வாங்கினேன்.

பொரியும் போர்டும்

பேனா மோரிக்குப் போன பிறகு இரண்டு வாரம் அக்கா நோட்டைத் திறக்கவில்லை. தேர்வுக்குப் பணம் கட்டிப் பெயர் பதிவு செய்ய வேண்டிய கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் போன் செய்தால் அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, எடுப்பார். "அவ தூங்கறா" என்பார். பின்னால் அக்கா பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்கும்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. அன்று ஃபேக்டரிகளில் மெஷினுக்குப் பூஜை போட்டு, வேலை செய்கிறவர்களின் குடும்பத்தையும் உள்ளே விடுவார்கள். மற்ற நாளில் கேட்டைக்கூடத் தாண்ட முடியாது. அம்மாதான் என்னைக் கிளப்பினாள். "வா. அவ பேசலன்னா மெஷினைப் பாத்துட்டு வரலாம்."

அக்கா பட்டுப்புடவையில் தன் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தாள். மெஷினுக்குச் சாமந்தி மாலை போட்டுக் குங்குமம் வைத்திருந்தார்கள். அம்மா மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அக்கா என்னிடம் ஒரு பொட்டலம் பொரியை நீட்டினாள்.

லைனின் தலைப்பில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. அதற்கும் மாலை. ஒவ்வொரு மணி நேரமும் எத்தனை பீஸ் முடிந்தது என்று எழுதுகிற போர்டு. முந்தின நாள் எண்கள் அழிக்கப்படாமல் இருந்தன. 20, 22, 24, 26 என்று ஒன்றின் கீழ் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின. எல்லா எண்ணையும் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"எல்லாமே சிவப்பா இருக்கே?" என்று கேட்டுவிட்டேன்.

அக்காவுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "டார்கெட் அறுபது. அதுக்குக் கம்மின்னா ஹரீஷ் சிவப்பு போடுவான். நேத்து புது டிசைன் வந்தது. மொதல் மணிக்கு இருபதுதான் வரும். கை பழகப் பழக மணிக்கு ரெண்டு ரெண்டா ஏறும். இது தெரியாம சிவப்பு போட்டா ஆச்சா?"

"சாயந்திரம் மொத்தம் எவ்ளோ வரும்னு முன்னாடியே தெரியுமா?"

"மத்தியானமே ஹரீஷ் என்கிட்டதான் வந்து கேப்பான். மொதல் மணிக்கு வந்ததையும் கடைசி மணிக்கு வரப்போறதையும் கூட்டி, பாதியாக்கி, எத்தனை மணியோ அத்தால பெருக்குவேன். ஒண்ணு ரெண்டுதான் முன்னப் பின்ன போகும்."

என் வாயில் பொரி அப்படியே நின்றது.

நான் முட்டை போட்ட பன்னிரண்டில் ஒரு கணக்கு: அரங்கத்தின் முதல் வரிசையில் இருபது நாற்காலி, ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு கூடும், பதினைந்து வரிசைக்கு மொத்தம் எத்தனை? அக்கா 510 என்று மட்டும் எழுதியிருந்தாள்.

"அந்த நாற்காலிக் கணக்கு... அதையும் இப்படித்தான் போட்டியா?"

"பின்னே? மொதல் வரிசை இருபது. அதுக்கு அப்புறம் பதினாலு தரம் ஏறுது, அப்போ கடைசி வரிசை நாப்பத்தெட்டு. ரெண்டும் சேத்தா அறுபத்தெட்டு. பாதி முப்பத்தி நாலு. பதினஞ்சு முப்பத்தி நாலு ஐநூத்திப் பத்து." பொரியைக் கொறித்தபடியே சொன்னாள். "வேற வழி இருக்கா இன்னா?"

எனக்கு வேறு வழி தெரியும். ஆங்கில எழுத்துகள் வைத்த ஒரு சூத்திரம். நூறு தடவை எழுதி மனப்பாடம் செய்தது. பத்தாவது கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு வாங்கியவள் நான். அந்தச் சூத்திரம் சொல்வதும் இதையேதான், முதலையும் கடைசியையும் கூட்டிப் பாதியாக்கு என்பதைத்தான், என்று அந்த மாலை போட்ட பலகைக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. அது ஏன் சரியாக வருகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"புஸ்தகத்தைப் பார்த்து எழுதினேன்னு சொன்னேன் இல்ல..."

"ம்."

"தப்பு அக்கா."

"தப்புதான்." அவள் வேறு பக்கம் பார்த்தாள். "பொரி சாப்பிடு. கீழ கொட்டாதே, மெஷின்ல போயிடும்."

டிக்கெட்

"ஆனா திருத்தறவங்களுக்கு உன் மனசுல இருக்கறது தெரியாதே. அவங்களுக்கு எப்படிக் காட்டறது?" என்றேன்.

அக்கா பக்கத்துக் கூடையில் கட்டி வைத்திருந்த சட்டைகளைச் சும்மா தடவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு தொங்கியது. அதை டிக்கெட் என்பார்கள். காலர் வைத்தவள், கை வைத்தவள், ஓரம் அடித்தவள் என்று ஒவ்வொருத்தியின் எண்ணும் அதில் வரிசையாக இருக்கும்.

"இது எதுக்குடி?" என்று அம்மா கேட்டாள்.

"செக்கிங்ல ஒரு பீஸ் தப்பாயிடுச்சுன்னா எந்தக் கைல தப்பாச்சுன்னு தேட. அதுக்காக முழுச் சட்டையையும் தூக்கிப் போட மாட்டோம்மா. அந்த ஒரு தையலை மட்டும் பிரிச்சு..."

நின்றுவிட்டாள். டிக்கெட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏய். அதுக்குத்தான் ஸ்டெப் கேக்கறாங்களா?"

"ஆமா."

"ஒரு ஸ்டெப் தப்பாப் போனாலும் மத்த ஸ்டெப்புக்கு மார்க் உண்டா?"

"உண்டு. விடை தப்பா இருந்தாக்கூட உண்டு."

"இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா உனக்கு?" அக்காவின் குரல் லைன் முழுக்கக் கேட்டது. "நான் என்னமோ, மனசுல போடத் தெரியாதவங்கதான் வரிவரியா எழுதுவாங்கன்னு நெனச்சுகினு இருக்கேன். இவ முட்டை போட்டுட்டு உக்காந்திருக்கா!"

பக்கத்து மெஷின் குடும்பம் திரும்பிப் பார்த்தது. அம்மா எதற்கும் இருக்கட்டும் என்று போர்டையும் ஒருமுறை கும்பிட்டாள்.

அடுத்த ஞாயிறிலிருந்து அக்கா ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு எண் போட்டு எழுத ஆரம்பித்தாள். முதல் எண் காலர், இரண்டாவது கஃப் என்பாள். நான் நீலப் பேனாவில் திருத்தினேன்.

வெளியே நின்ற நாள்

கணக்குத் தேர்வு அன்று மாமா தன் சரக்கு ஆட்டோவில் எங்களைக் கொண்டுவந்து விட்டார். சென்டர் வாசலில் பதினாறு வயதுப் பிள்ளைகளாக நின்றார்கள். அக்கா அவர்களோடு வரிசையில் நின்றாள். வாசலில் இருந்தவர் அவளை ஓரமாகக் கை காட்டினார்.

"பேரன்ட்ஸ் எல்லாம் ஹொரகடெ" என்றார். வெளியே நில்லுங்கள் என்று அர்த்தம்.

"நானே ஸ்டூடென்ட், சார்." அக்கா ஹால் டிக்கெட்டை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். வரிசையில் ஒரு பெண் கைதட்டினாள்.

நான் அவளுடைய தண்ணீர் பாட்டிலோடு எதிர்ப்பக்கம் நின்றேன். என் பத்தாவது தேர்வில் அக்கா அரைநாள் லீவு போட்டு நின்ற அதே வெயில். அப்போது உள்ளே இருப்பது கஷ்டம் என்று நினைத்தேன். வெளியே நிற்பதும் லேசான வேலை இல்லை.

மூன்று மணி நேரம் கழித்து வந்தாள். பாட்டிலை வாங்கி முழுசாகக் குடித்தாள்.

"கடைசி கணக்குக்கு விடை வரல. நேரம் இல்ல."

"அய்யோ. விட்டுட்டியா?"

"எதுக்கு விடணும்? வந்த வரைக்கும் எழுதி வெச்சேன். பட்டன் வெக்காத சட்டை. ஆனா காலர், கை எல்லாம் சரியா இருக்கு."

கணக்கில் நாற்பத்திமூன்று வந்தது. சமூக அறிவியலில் எழுபதுக்கு மேல். ஆங்கிலம்தான் போய்விட்டது. அக்கா ஒரு நாள் அழுதாள். மறுநாள் மறுதேர்வுக்குப் பெயர் கொடுத்தாள். இரண்டாவது தடவை தேறிவிட்டாள், கரையில் கால் வைத்த மாதிரி, சரியாகத் தேவையான மார்க்கோடு.

சர்டிபிகேட்டை எச்.ஆர். மேடத்திடம் கொடுத்த பிறகும் பல மாதம் எதுவும் நடக்கவில்லை. மறந்துவிட்டார்கள் என்று நான் நினைத்தேன். ஹரீஷ் வேறு ஃபேக்டரிக்குப் போனான். அன்று மேடம் அக்காவைக் கூப்பிட்டார்.

சூப்பர்வைசர் ஆனால் உள்ளே போன் கொண்டுபோகலாம். முதல் வாரம் ஒரு மத்தியானம் என் போனுக்கு ஒரு படம் வந்தது. வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அந்த வெள்ளைப் பலகை. சிவப்பு எங்கேயும் இல்லை. எல்லாம் நீல மை. குறைந்த எண்களுக்குப் பக்கத்தில், கன்னடத்தில், அக்காவின் உருண்டை எழுத்து:

'மூன்றாவது மணி 38. ஊசி உடைந்தது. மெக்கானிக் வர இருபது நிமிஷம்.'

'நான்காவது மணி 41. மஞ்சுளா தண்ணீர் குடித்து, பாத்ரூம் போய் வந்தாள். அவள் மெஷினில் நான் உட்கார்ந்தேன்.'

பலகையின் கீழ் மூலையில் ஒரு 'சு'. நீளமாக இழுத்த வால். கடைசியில் இரண்டு புள்ளி.